புலி வாய் கட்டும் வரை

புது மேடை என்றாலே சௌயிங்குக்குப் பயம். கார்விக் இல்லத்தில் எல்லோரும் புது அரங்கத்தின் திறப்பு விழாவுக்குத் தோரணம் வெட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் மூன்றாம் மாடிக்கு ஏறிப் போய், வாசலில் நின்று அந்தப் பளபளக்கும் மரத்தரையை எட்டிப் பார்ப்பாள். உள்ளே கால் வைக்காமலே இறங்கி வந்துவிடுவாள். அந்த மேடை இன்னும் ஒரு மனுஷக் குரலைக்கூடக் கேட்கவில்லை. கேட்காத மேடைக்குப் பசி அதிகம் என்பது அவள் கட்சி.

கார்விக் இல்லம் ஈஸ்ட் பிராட்வேயை ஒட்டிய சந்தில் நூறு வருஷத்துக்கும் மேலாக நிற்கிறது. கப்பலில் வந்து இறங்கிய யூதர்களுக்குக் குளிக்கவும் படிக்கவும் பாடவும் இடம் கொடுத்த வீடு. அவர்கள் வசதி வந்து கிளம்பிய பிறகு இத்தாலியர்கள் வந்தார்கள், பிறகு புவெர்த்தோ ரிக்கோக்காரர்கள், கடைசியில் சீனர்கள். கீழே மதியச் சாப்பாடு, மேலே ஆங்கில வகுப்பு, குழந்தைகளுக்கு நடனம், சனிக்கிழமை மேளக் குழு. சௌயிங்கின் சீன இசை நாடகக் குழுவுக்குக் கிடைத்திருந்த இடம் சாப்பாட்டுக் கூடம். இளவரசியும் இளவரசனும் காதலிக்கும்போது முட்டைக்கோஸ் வேகும் வாசனை வரும். இத்தனை வருஷம் கழித்து யாரோ ஒரு புண்ணியவான் பணம் கொடுத்து, திரையும் விளக்கும் வைத்து ஒரு நிஜமான அரங்கம் எழும்பியிருக்கிறது. கிழவர்கள் சீக்கிரம் தூங்கப் போய்விடுவார்கள் என்று திறப்பு விழாவில் முதல் நிகழ்ச்சியை இவர்களுக்கே கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. சௌயிங்குக்கு மட்டும் அந்த 'முதல்' என்ற சொல் பிடிக்கவே இல்லை.

போதாக்குறைக்கு, விளக்கு மாட்டும்போது ஒரு தச்சர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். சாரத்தின் ஒரு கால் சரியாக ஊன்றவில்லை என்றார்கள். சௌயிங் காதில் அது ஏறவே இல்லை.

"புலியைக் கும்பிடாம நான் அந்தத் தரையில ஏற மாட்டேன். நீங்களும் ஏறக் கூடாது" என்று ஒத்திகையில் அறிவித்துவிட்டாள். குழுவுக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. ஆனால் சௌயிங் குரலை உயர்த்தினால் எதிர்ப்பேச்சு வராது. ஆண் வேஷம் கட்டுகிறவள், ஆளும் உயரம்.

புதிதாகக் கட்டிய மேடையில் முதலில் ஆடுகிற குழு, அங்கே பசியோடு காத்திருக்கும் வெள்ளைப் புலிக்குச் சடங்கு செய்தாக வேண்டும். பச்சைப் பன்றிக்கறியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். புலி வேஷக்காரர் வந்து அதைக் கவ்வுவார். கருப்பு முகச் சாமி வந்து புலியை அடித்து, சங்கிலியால் வாயைக் கட்டி, முதுகில் ஏறி உட்காருவார். புலி முகத்தில் சாயம் பூசத் தொடங்கியதிலிருந்து அதைத் துடைத்துப் பட்டாசு வெடிக்கும் வரை அந்தக் கட்டடத்தில் குழுவைச் சேர்ந்த ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் எந்த வாய் திறக்கிறதோ, அந்த வாய் புலிக்கு.

சௌயிங் இதைக் கண்ணால் பார்த்தவள். சிறுமியாக இருந்தபோது ஒரு திருவிழாவில் புல்லாங்குழல்காரர் ஆணியை மிதித்துவிட்டு அலறினார். அறுவடை வருவதற்குள் செத்துப்போனார்.

"ஆணி துருப்பிடிச்சிருந்துச்சு, அதனால செத்தாரு. இதுக்குப் போய்ப் புலியை இழுக்கிறியே. அது பாட்டுக்கு எங்கேயோ கிடக்கு" என்றாள் பிக்லான்.

பிக்லான் ஒருத்திக்குத்தான் இப்படிப் பேசும் தைரியம் உண்டு. குழுவின் கதாநாயகி அவள். வயது எழுபதைத் தொடுகிறது, குரல் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது. தையல் தொழிற்சாலையில் இருவருக்கும் அடுத்தடுத்த மிஷின். மேடையில் புருஷன் பெண்டாட்டியாக நடித்து நடித்து, கீழேயும் அவள் சௌயிங்கை 'என்னங்க' என்றுதான் கூப்பிடுவாள். அவசரத்துக்கு மட்டும்தான் 'யிங்'.

"என்னங்க, புலிக்குப் பன்றிக்கறி போதுமா, இல்ல சோறும் வடிக்கணுமா?"

"சிரிடி. நல்லா சிரி" என்றாள் சௌயிங்.

இல்லத்தில் கலை நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்பவள் நெரெய்டா, அதே சந்தில் பிறந்து வளர்ந்த புவெர்த்தோ ரிக்கோப் பெண். அவளிடம் பேசப் பிக்லானின் மகள் வின்னியைக் கூட்டிப் போனார்கள். இவர்களுக்கு எங்கே ஆங்கிலம் தேவைப்பட்டாலும் வின்னிதான் வாய்.

"பச்சைக் கறியா? அந்தப் புதுத் தரை மேலயா?" என்று நெரெய்டா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்தாள். "கீழ பிளாஸ்டிக் விரிக்கணும். நெருப்பு கூடாது. பட்டாசு கூடவே கூடாது, அலாரம் அடிச்சா தீயணைப்பு வண்டி வந்து நிக்கும். எங்கம்மா கதவுக்குப் பின்னால ஒரு டம்ளர் தண்ணி வைப்பாங்க, வீட்டுக்கு வர்ற கெட்டது அதுல விழட்டும்னு. அதனால என்னால உங்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது, மிஸஸ் லாம்" என்றாள் சௌயிங்கிடம்.

பட்டாசுக்குப் பதிலாகப் பலூன் வெடிப்பது என்று முடிவாயிற்று. சாமியாக ஷெக் அண்ணன், ஓட்டலில் சமைத்து ஓய்வு பெற்றவர். புலியாக மீன்கடை லோக் அண்ணன். சடங்கு நடக்கும்போது பெண்கள் மேடைப்பக்கம் தலைகாட்டக் கூடாது, அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்பதில் ஷெக் அண்ணன் கறார். குழுவில் வேஷம் கட்டும் பெண்கள் இருவர்தான், சௌயிங்கும் பிக்லானும்.

வழக்கப்படி மௌனம் புலிக்குச் சாயம் பூசத் தொடங்கும்போதுதான் ஆரம்பிக்க வேண்டும். சௌயிங்குக்கு அது போதவில்லை.

"காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து யாரும் பேசக் கூடாது. வீட்டுலயும் கூடாது, தெருவுலயும் கூடாது."

"அவ்வளவு எதுக்கும்மா? எங்க ஊர்ல அப்படிக் கிடையாதே" என்றார் ஷெக் அண்ணன்.

"உங்க ஊர்ல வாயடக்கம் இருந்திருக்கும். இங்க இருக்கிறதெல்லாம் கிழடுங்க. பேச்சு நடுவுல திடீர்னு நிறுத்தச் சொன்னா நாக்கு தவறிடும். காலையிலேர்ந்தே மூடிக்கிட்டு வந்தா பழகிடும்."

"நாப்பது வருஷம் மிஷின் சத்தத்துக்கு மேல கத்தி வளர்ந்த வாய் இது. ஒரு நாள் பூரா மூடினா நான் செத்தே போயிடுவேன்" என்றாள் பிக்லான்.

"உன் வாயில நல்லதே வராதா?" சௌயிங் மூன்று முறை தரையில் துப்புவதுபோல் பாவனை செய்தாள். அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. இந்தக் கூட்டத்தில் புலி யாரையாவது எடுக்கும் என்றால் அது ஓயாமல் பேசும் பிக்லானைத்தான் எடுக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. காலையிலிருந்தே மௌனம் என்று சட்டம் போட்டதும் அவளை மனதில் வைத்துத்தான். மற்றவர்கள் எக்கேடு கெட்டாலும் பிக்லான் இல்லாமல் சௌயிங்குக்குச் சனிக்கிழமை கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது.

விழா நாளன்று காலை ஒன்பது மணிக்கே எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பேக்கரியில் விரலைக் காட்டி பன் வாங்கியவர்கள், பேருந்தில் சலாம் போட்டவருக்குத் தலையை மட்டும் ஆட்டியவர்கள். சௌயிங் வாசலில் பிஸ்கட் டப்பாவோடு நின்று ஒவ்வொருவரிடமும் கைப்பேசியைப் பிடுங்கினாள். மணி அடித்தால் பழக்கதோஷத்தில் யாராவது ஹலோ என்றுவிடுவார்கள். டப்பாவை நெரெய்டாவின் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நெரெய்டாவும் வெளிக்கதவைக் காத்துக்கொண்டு கீழே நின்றாள்.

பிக்லான் கடைசியாக வந்தாள். உதட்டை ஊசி நூலால் தைப்பதுபோல் அபிநயம் பிடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சௌயிங்குக்குப் பெண்டாட்டி வணக்கம் ஒன்று போட்டாள். ஷெக் அண்ணன் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். சௌயிங் விறைப்பாகவே நின்றாள், மனசுக்குள் மட்டும் சிரித்துக்கொண்டாள்.

ஆண்கள் மேடைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் இருவரும் ஒப்பனை அறையில் உட்கார்ந்தார்கள். புது வண்ணப்பூச்சு வாடை இன்னும் போகவில்லை, ஜன்னலும் இல்லை. வெள்ளை பூசி, கன்னத்தில் சிவப்பு ஏற்றி, கண்ணுக்கு மை இழுக்க மத்தியானம் ஆகிவிட்டது. பிக்லானின் கை எப்போதும்போல ஒரே இழுப்பில் புருவத்தை முடித்தது. அப்போது சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி. சௌயிங் அதைப் பார்த்தாள், ஏனென்றால் இன்னும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு சௌயிங் அவளுக்குத் தலை கட்டினாள். துணிப்பட்டையை நெற்றியோடு சுற்றி இறுக்கி, புருவத்தையும் கண்ணோரத்தையும் மேலே இழுத்து நிறுத்துகிற கட்டு அது. கட்டிய அரை மணியில் தலை விண்விண் என்று தெறிக்கும், சிலர் வாந்தி எடுப்பார்கள். வலித்தால்தான் கட்டு சரி என்று அர்த்தம். பிக்லான் முகத்தைச் சுளித்து, விரலால் சௌயிங்கின் கையைக் கிள்ளினாள். அவ்வளவு இறுக்காதே என்றாள் கண்ணால்.

மேடையில் சடங்கைத் தொடங்கும் தாம்பாள மணி அதிர்ந்தது. சௌயிங் எழுந்து கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

பிக்லான் கொண்டை ஊசி ஒன்றை எடுத்தாள். அது விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடி விழுந்தது. தரையில் ஊசி விழுந்த சத்தமே சௌயிங்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. முறைத்தாள். பிக்லான் முறைப்பைப் பார்க்கவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு இடது கையால் தலையைத் தொட்டுக் காட்டினாள்.

கட்டு வலிக்கிறதாக்கும் என்று சௌயிங் ஒரு சுற்றைத் தளர்த்தினாள். வெளியே சங்கிலி தரையில் இழுபடும் சத்தம். அதற்குப் பின்னால் தொப்தொப்பென்று கனமான காலடிகள், மேடையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு. லோக் அண்ணனுக்கு மூட்டுவலி, அவரால் இப்படிக் குதிக்கவே முடியாது. சௌயிங்கின் பிடரி சிலிர்த்தது.

கண்ணாடியில் பிக்லானின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. நெற்றிக்கட்டு புருவத்தை நேராக நிறுத்தியிருந்தது, வெள்ளைப் பூச்சு மற்றதையெல்லாம் மூடியிருந்தது. வாய் மட்டும்தான் தெரிந்தது. கேலி செய்கிறாள், இந்த நேரத்திலும் கேலி செய்கிறாள் என்று சௌயிங் நினைத்தாள். அப்போது அந்த வாய் திறந்தது.

"யி..." என்றாள் பிக்லான்.

சௌயிங் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சங்கிலி நின்றது. கேட்டுவிட்டது என்று சௌயிங்குக்குத் தோன்றியது. ஒரு எழுத்துதான், முழு வார்த்தைகூட இல்லை, அதற்குள் பொத்திவிட்டேன் என்று யாரிடமோ மன்றாடினாள். பிக்லான் திமிறினாள். இடது கையால் சௌயிங்கின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கைக்குள் அவள் உதடும் நாக்கும் என்னவோ சொல்லச் சொல்ல முட்டின. சௌயிங் இன்னும் அழுத்தினாள். அவளைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுத்தினாள். கொஞ்ச நேரம்தான்டி, இன்னும் கொஞ்ச நேரம்தான், உனக்காகத்தான் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சங்கிலி மறுபடி நகர்ந்தது. பிக்லானின் பிடி மெல்லத் தளர்ந்தது. உதடுகள் அசைவதை நிறுத்தின. அப்பாடா, புரிந்துகொண்டாள் என்று சௌயிங்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணை நம்ப முடியாது.

எவ்வளவு நேரமோ. கடைசியில் பலூன்கள் வெடித்தன. ஷெக் அண்ணன் உரக்கக் கூவினார்: "வாய் திறந்தாச்சு, எல்லாம் சுபம்."

சௌயிங் கையை எடுத்தாள். உள்ளங்கை முழுக்கச் சிவப்புச் சாயம்.

"தப்பிச்சேடி. இப்பப் பேசு, இப்பப் பேசலாம்" என்றாள்.

பிக்லான் நாற்காலியிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்தாள்.

அதன் பிறகு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைப்பேசிகள் பூட்டிய அலமாரிக்குள், சாவி இடுப்பில், நெரெய்டா மூன்று மாடி கீழே. ஷெக் அண்ணன் கருப்பு முகத்தோடு படியிறங்கி ஓடினார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது மேடையில் பன்றிக்கறி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போனான்.

ஆஸ்பத்திரிக்கு வின்னி வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். டாக்டர் ஓர் இளம்பெண். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி அடைத்திருக்கிறது, கரைக்க மருந்து இருக்கிறது, ஆனால் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றாள். அதற்கு மேல் கொடுத்தால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசிந்துவிடும். எப்போது தொடங்கியது என்று தெரியாமல் கொடுக்க மாட்டோம் என்றாள்.

வின்னி திரும்பினாள். "அம்மா கடைசியா எப்ப நல்லா பேசினாங்க?"

வரிசையாக உட்கார்ந்திருந்த கிழவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாதி அழிந்த புலி முகத்தோடு லோக் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேசலையேம்மா. இன்னிக்கு யாருமே பேசலை" என்றார் ஷெக் அண்ணன்.

"பேசாட்டி பரவால்ல. நல்லா இருந்ததை எப்பப் பார்த்தீங்க?"

"காலையில ஒன்பது மணிக்கு. அப்ப வேடிக்கை காட்டிக்கிட்டு நல்லாத்தான் வந்தாங்க. அப்புறம் அவங்க ரெண்டு பேரும் அந்த ரூமுக்குள்ள." ஷெக் அண்ணன் சௌயிங்கைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"சித்தி, நீங்கதானே கூட இருந்தீங்க?" என்றாள் வின்னி. பிறந்ததிலிருந்து அவளுக்குச் சௌயிங் சித்திதான். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது எல்லாம் சித்திதான்.

சௌயிங் வலது கையை மடியில் மூடி வைத்துக்கொண்டாள். "நான் கவனிக்கலைம்மா. மேக்கப் போட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

வின்னி டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதிலிருந்து என்றால் எப்போதோ தாண்டிவிட்டது. மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

சௌயிங்குக்கு ஒரு விநாடி நிம்மதியாக இருந்தது. அதுதான் கொடுமை. பிக்லானால் சொல்ல முடியாது, அறையில் வேறு யாரும் இல்லை, இனி இது யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நிம்மதி நெஞ்சுக்குள் எவ்வளவு சுகமாக உட்காருகிறது என்று உணர்ந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. புலி என்று சின்ன வயதிலிருந்து எதற்குப் பயந்தாளோ, அது சங்கிலியோடு வெளியே இருக்கவில்லை. இங்கே, இந்த நாற்காலியில், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"வின்னி, டாக்டரைக் கூப்பிடு. ஓடு."

டாக்டர் வந்தாள். சௌயிங் எழுந்து நின்றாள்.

"ஒரு மணிக்கு நல்லா இருந்தா. புருவம் வரைஞ்சா, ஒரே இழுப்புல வரைஞ்சா. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு மணி. தலை கட்டும்போது என்னைக் கிள்ளக்கூடச் செஞ்சா. அப்புறம்தான் மேடையில தாம்பாள மணி அடிச்சுது, ஊசி கீழ விழுந்துச்சு. வாய் கோணிச்சு. பேச வந்தா."

வின்னி வேகவேகமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். "என்ன பேசினாங்க?"

"என் பேரைத்தான் கூப்பிட வந்தா. நான் வாயைப் பொத்திட்டேன்."

வின்னியின் ஆங்கிலம் நின்றது.

"பொத்தினீங்களா?"

"ஆமாம்மா."

"எவ்வளவு நேரம்?"

"பலூன் வெடிக்கிற வரைக்கும்."

"அம்மா என்ன பண்ணாங்க?"

"கையை எடுக்கப் பார்த்தா. நான் விடலை."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன சொல்கிறார் என்று கேட்டாள். வின்னி ஒரு மூச்சு இழுத்து, நேரத்தைச் சொன்னாள், ஊசியைச் சொன்னாள், கோணிய வாயைச் சொன்னாள். கையைப் பற்றிச் சொல்லவில்லை. அது மருந்துக்குத் தேவைப்படாத விஷயம். அந்த அளவு ஆங்கிலம் சௌயிங்குக்குத் தெரியும்.

நேரம் இருந்தது. மருந்து ஏறியது. வின்னி திரும்பி வந்து, சௌயிங்குக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்க, எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

ஷெக் அண்ணனும் லோக் அண்ணனும் தண்ணீர்க் குழாய் அருகே நின்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். நடைபாதை முழுக்கக் கேட்டது.

"வாயைத் திறந்துட்டாங்களாமே."

"அதான் எடுத்துக்கிச்சு. யாரும் நம்பலை. இப்பப் பார்த்தியா?"

"அடுத்த தடவை முதல் நாள் சாயங்காலத்துலேர்ந்தே மூடிடணும். அப்பத்தான் சரிப்படும்."

சௌயிங் அவர்களை மறுக்க வாய் எடுத்தாள். என்ன சொல்லி மறுப்பது? அந்த வார்த்தைகள் அத்தனையும் அவள் சொல்லிக் கொடுத்தவை.

மூன்றாம் நாள் சூப் காய்ச்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தாமரைத்தண்டும் எலும்பும் போட்டு, பிக்லானுக்குப் பிடித்த மாதிரி உப்புக் குறைவாக. திறப்பு விழா அன்று மேளக் குழு முதலில் ஆடியதாகவும் மேடைக்கு ஒரு குறையும் இல்லை என்றும் நெரெய்டா சொல்லி அனுப்பியிருந்தாள். அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நடந்தவள் கதவுக்கு முன் நின்றுவிட்டாள்.

உள்ளே பிக்லானின் குரல்.

குழறல்தான். ஒவ்வொரு வார்த்தையையும் தேடித் தேடி எடுக்கிற குரல். ஆனால் அவள் குரல். "ஜன்னல்" என்றது. "திற." பிறகு, "கஞ்சி... நல்லால்ல." வின்னி சிரிப்பதும் கேட்டது. சௌயிங் சூப் பாத்திரத்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டாள். கடவுளே, திட்டட்டும், அந்த வாயால் என்னை நாள் முழுக்கத் திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

பிக்லான் திரும்பிப் பார்த்தாள். பேசிக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடிக்கொண்டது. உதடுகளை உள்ளே மடித்து, இரத்தம் செத்துப்போகும்படி இறுக்கிக்கொண்டாள்.

"நான்தான்டி, யிங். திட்டணும்னா திட்டு" என்றாள் சௌயிங்.

பிக்லான் தலையை ஆட்டினாள். கோபமாக இருந்திருந்தால் சௌயிங் தாங்கியிருப்பாள். அந்தக் கண்ணில் கோபமே இல்லை. சொன்ன சொல் கேட்கும் குழந்தையின் கண் அது. நான் பேச மாட்டேன், பார், மூடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று காட்டுகிற கண். கட்டி அடைத்த மூளையில் கடைசியாக ஆழமாகப் பதிந்தது அந்தக் கைதான்.

"எல்லாம் முடிஞ்சு போச்சுடி. சாயத்தைத் துடைச்சாச்சு. இப்பப் பேசலாம். நானே சொல்றேன், பேசுடி."

பிக்லான் இன்னும் இறுக்கினாள். தாடை நடுங்கியது. கண்ணில் நீர் கட்டி வழிந்தது, வாய் திறக்கவில்லை.

"சித்தி, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றாள் வின்னி. குரலில் வெறுப்பு இல்லை, சலிப்புதான் இருந்தது.

சௌயிங் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பேச்சு மறுபடி தொடங்கியது. "சூப்" என்றது அந்தக் குரல். "யிங்... வச்சது." சௌயிங் சுவரோரம் நின்று, உள்ளே கேட்டுவிடாதபடி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.